ஸ்கெஸ்ஸாவின் வம்சம்

டால்கோட் பண்ணை,
வட ஐஸ்லாந்து.
ஏப்ரல் முதல் வாரம்

அன்புத் தம்பி ஸ்டூர்லாவுக்கு,

அக்கா ரன்வெய்க் எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லாரும் நலம். ஆடுகளைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. ட்ரோம்ஸோ துறைமுகத்தில் உன் மீன்படகு கரைக்கு வந்திருக்கும்போதுகூட நீ தொலைபேசியை எடுப்பதில்லை. காகிதமாக வந்தால் பிரித்துத்தானே ஆக வேண்டும் என்று எழுதுகிறேன்.

சுற்றி வளைக்கவில்லை. நடுக்க நோய் மறுபடி நம் தொழுவத்துக்கு வந்துவிட்டது. இரண்டு வயது ஆடு ஒன்று சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டே நின்றது. "பேன் கடிக்குது, வேற ஒண்ணுமில்ல" என்றார் உன் அத்தான் கௌட்டி. நான் போய் அதன் இடுப்பைச் சொறிந்துவிட்டேன். சொறியச் சொறிய அது காற்றை மென்றது. அந்த மெல்லலை நான் முன்பே பார்த்திருக்கிறேன், நீயும் பார்த்திருக்கிறாய். சோதனைக்கு அனுப்பினோம். அதுதான் என்று பதில் வந்துவிட்டது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு அரசாங்க விதிதான் இருந்தது. ஒன்றுக்கு வந்தால் மந்தை முழுவதையும் கொல்லக் கொடுத்துவிட வேண்டும். தொழுவத்து மரத்தையெல்லாம் எரித்து, மண்ணைச் சுரண்டியெடுத்து, இரண்டு குளிர்காலம் ஆடில்லாமல் உட்கார்ந்திருந்தோம். நீ முதல் பனி விழுவதற்குள் கிளம்பிவிட்டாய். உன்னை நான் குறை சொல்லவில்லை. அந்த மௌனத்தில் எனக்கே பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது.

இந்த முறை விதி மாறியிருக்கிறது. கால்நடை மருத்துவர் யோருன் வந்து விளக்கினாள். சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி, வந்த வேகத்தில் பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கிக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டாள். இந்த நோயைத் தாங்குகிற ஆடுகள் ஐஸ்லாந்தில் எங்கோ கொஞ்சம் இருக்கின்றனவாம். காதில் துளி சதை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமாம். தாங்குகிறவற்றை விட்டுவிடலாம், மற்றவை போக வேண்டும்.

கௌட்டிக்குப் புரியவில்லை. அவள் அடுப்பின் மேல் காய்ந்துகொண்டிருந்த அவருடைய கம்பளிக் கையுறைகளை எடுத்து மேசையில் போட்டாள். ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. என் கணவர் எந்த நாளில் ஜோடி சேர்த்துப் போட்டிருக்கிறார்!

"எல்லா ஆட்டுக்கும் இந்த மரபணு இருக்கு கௌட்டி. ஆனா எல்லாத்துக்கும் ஒரே தினுசுல இல்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோடி. ஒண்ணு தாய் குடுத்தது, இன்னொண்ணு தகப்பன் குடுத்தது. குட்டி போடறப்ப ஜோடியில ஒண்ணைத்தான் குடுக்கும். எதைன்னு அதுக்கே தெரியாது. இந்தப் பழுப்பு ஒண்ணு இருந்துட்டா போதும், ஆடு தப்பிச்சுடும்" என்றாள்.

"வெள்ளைக் கிடாய்க்குக் கறுப்புக் குட்டி பொறக்கறத பாத்துப் பாத்து வளந்தவன் நான். எனக்கே பரம்பரைப் பாடமா?" என்று சிலிர்த்துக்கொண்டார் இவர்.

"அது கண்ணுக்குத் தெரியற தினுசு. இது முதுகைத் தடவிப் பாத்தாலும் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவள் காபியைக் குடித்தாள்.

அந்த வார்த்தை அவரைக் குத்தியிருக்கும். நம் பள்ளத்தாக்கில் இலையுதிர்காலக் கிடாய்க் கண்காட்சி எப்படி என்று உனக்குத் தெரியும். முதுகைத் தடவு, தொடையைப் பிடி, வெள்ளையா பார், கனமா பார். எங்கள் கிடாய் ஹெர்ரா மூன்று முறை முதலாவது வந்தான். பள்ளத்தாக்கே அவனுடைய பிள்ளைகளைக் கேட்டு வாங்கியது. எங்கள் மந்தையில் பாதிக்கு மேல் அவனுடைய ரத்தம்தான். எல்லாம் பஞ்சுமூட்டை மாதிரி ஒரே அச்சு.

ஸ்கெஸ்ஸா ஒருத்தி மட்டும் வேறு. அவளை உனக்குத் தெரியாது. இரண்டு குளிர்காலம் கழிந்து மேற்குக் கரையிலிருந்து புதுக் குட்டிகள் லாரியில் வந்தபோது கூடவே வந்தவள். நீளக் கால், ஒட்டிய வயிறு, பாதி முகம் சாம்பல், பாதி வெள்ளை. அரக்கி என்று அர்த்தம் வருகிற மாதிரி கௌட்டிதான் ஸ்கெஸ்ஸா என்று பெயர் வைத்தார். பக்கத்துப் பண்ணை ஹால்வர் ஒவ்வொரு வருஷமும் அவளைப் பார்த்து, "இவளைச் சமைச்சா கறியைத் தேடணும்" என்பார். ஆனால் முன்னால் போகிற ஆடு அவள். புயல் வருமுன் மலையிலிருந்து மந்தையைத் தானாக இறக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அதனால் ஒவ்வொரு இலையுதிர்காலமும் கழிக்கிற ஆடுகளின் பக்கம் கௌட்டி அவளைத் தள்ளுவார், நான் இழுத்து இந்தப் பக்கம் நிறுத்துவேன்.

எல்லா ஆட்டின் காதிலும் சதை எடுத்து அனுப்பியாயிற்று. பதிலுக்குக் காத்திருக்கிறோம். எல்லாம் சினையாக இருக்கின்றன, ஸ்டூர்லா. அதுதான் தாங்கவில்லை.

கடலில் பத்திரமாக இரு.

உன் அக்கா,
ரன்வெய்க்


டால்கோட்,
ஏப்ரல் கடைசி

அன்புத் தம்பி,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. நான் எழுதுகிறேன், நீ படி.

சோதனை முடிவை யோருன் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நேரில் வந்தாள். அந்த ஒரு காரியத்துக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. இருநூறு ஆடுகளுக்கு மேல் இருந்தன. முப்பத்தொன்று பிழைத்தன. அவள் தொழுவத்துக்குள் நடந்து, பிழைத்த ஒவ்வொன்றின் நெற்றியிலும் நீலச் சாயம் பூசிக்கொண்டே போனாள். முதல் நீலம் ஸ்கெஸ்ஸாவுக்கு. அப்புறம் அவள் மகள்கள், பேத்திகள், பேத்திகளின் மகள்கள். முப்பத்தொன்றும் அவள் வம்சம், ஒன்றுகூட வெளியே இல்லை. மேற்குக் கரையிலிருந்து லாரியில் ஏறிய அந்த ஒட்டிய வயிற்றுக் குட்டி இதைத் தன்னோடு கொண்டுவந்திருக்கிறது. பத்து வருஷமாக நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவள் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடவில்லை. போன வருஷம் போட்ட இரட்டையில் சாம்பல் முகத்துக்காரிக்கு நீலம், வெள்ளைக்காரிக்கு இல்லை. ஒரே வயிறு, ஒரே நாள், ஒரே பால். அந்த வெள்ளைக்குட்டி என் கையிலிருந்து ரொட்டி தின்னும். யோருன் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு தூரிகையைக் கீழே தாழ்த்திக்கொண்டு நகர்ந்தாள்.

கௌட்டி ஹெர்ராவைப் பற்றிக் கேட்டார். "அவனுக்கு ஜோடி ரெண்டுமே ஒரே தினுசு. ரெண்டுமே உதவாது" என்றாள். அவர் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அழகு பாத்துப் பாத்துப் பொறுக்கி எடுத்தோமே ரன்வெய்க், மத்ததையெல்லாம் நாமளே வெளிய தள்ளிட்டோம். பள்ளத்தாக்கு முழுக்க ஒரே ஆட்டைத்தான் வளத்திருக்கோம்" என்றார். தன் வாயால் அதைச் சொல்கிற மனிதரை என்ன சொல்வது? இத்தனை வருஷத்தில் அவரை நான் இவ்வளவு மதித்ததில்லை.

வழி தெரிகிற புத்தியும் நோயைத் தாங்குகிற பலமும் ஒன்றுதானோ என்று யோருனிடம் கேட்டேன். சிரித்தாள். "இல்லவே இல்ல. முன்னால போற புத்தி எத்தனையோ மரபணு சேந்து வர்றது, அதை நாங்க இன்னும் சரியா கண்டுபிடிக்கல. இது ஒரே ஒரு இடத்துல ஒரே ஒரு எழுத்து மாறின மாதிரி. ரெண்டும் ஒரே உடம்புல வந்து சேந்தது உங்க அதிர்ஷ்டம். அதைக் கழிக்காம வெச்சிருந்தது உங்க பிடிவாதம்" என்றாள். என் பிடிவாதத்தை ஒருவர் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

இனி சொல்வதைப் படிக்காமல் தாண்டிவிடாதே.

நீலம் இல்லாதவற்றைக் கொல்லக் கொண்டுபோக லாரி வந்தது. ஆடுகள் ஏறவில்லை. முன்னால் போகிற ஆடு இல்லாமல் அவை எதிலும் ஏறாது. கௌட்டி பாவம், களைத்துப்போய், "ஸ்கெஸ்ஸாவைக் கூட்டிட்டு வா, அவ ஏறினா எல்லாம் ஏறிடும், பின்னாடி அவளை இறக்கிக்கலாம்" என்றார். சுளுவான வழிதான். ஆடுகளுக்கும் பயமிருக்காது.

நான் மாட்டேன் என்றேன். ஸ்கெஸ்ஸாவையும் மற்ற நீலநெற்றிக்காரிகளையும் பழைய தொழுவத்தில் விட்டு, தாழ்ப்பாள் போட்டு, கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அன்று உன்னைத்தானே லாரிக்கு முன்னால் நடக்கச் சொன்னார்கள். உன் கையில் வளர்ந்த ஆடு ஃப்ளுகா உன் பின்னால் வந்தாள், அவள் பின்னால் எல்லாம் வந்தன, சத்தமே இல்லாமல், உன்னை நம்பி. அதற்கப்புறம் நீ இந்த வீட்டில் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வயதுப் பையனிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஆடுகளைப் பார்த்து நீ அழுததற்கு அன்று கூட்டத்தில் சிலர் சிரிக்கவும் செய்தார்கள். எனக்குத் தெரியும்.

இந்த முறை யாரும் யாரையும் ஏமாற்றிக் கூட்டிப்போக வேண்டாம், ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றலாம் என்றேன். கௌட்டி என் முகத்தைப் பார்த்தார். எதையோ புரிந்துகொண்டவர் போலக் கோட்டைக் கழற்றினார்.

இருவரால் எத்தனை தூக்க முடியும்? சினை ஆடு கனமென்றால் கனம். அப்போது ஹால்வர் வந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. பாதுகாப்பு உடுப்பு மாட்டி, பூட்ஸை முக்கிவிட்டு, ஒரு ஆட்டின் முன்பக்கத்தைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் பள்ளத்தாக்கே வந்தது. இரண்டிரண்டு பேராகத் தூக்கினார்கள். குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி இறக்கினார்கள். தூக்கும்போது ஒவ்வொருவரும் ஆட்டின் பெயரைக் கேட்டார்கள், நான் சொன்னேன். ஹெர்ராவைக் கௌட்டி வேறு யாரிடமும் விடவில்லை. கொம்பைப் பிடித்துப் பக்கத்தில் நடந்தார். அவன் ராஜா மாதிரி ஏறினான்.

முடிந்ததும் எல்லாருக்கும் உலர்மீனும் வெண்ணெயும் காபியும் கொடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை, ஸ்டூர்லா. ஹால்வர் சமையலறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒன் தம்பி அன்னிக்கு அழுதான்ல, அவனுக்குத்தான் சரியாத் தெரிஞ்சிருக்கு" என்றார். உனக்குச் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சொல்கிறேன்.

உன்னைக் கடவுள் காக்கட்டும்.

ரன்வெய்க்


டால்கோட்,
மே மாதம்

அன்புத் தம்பி,

உன் தபால் அட்டை வந்தது. நான்கு வரி. அன்று நடந்ததற்கு அத்தான்மேல் கோபமில்லை என்ற நான்காவது வரியைக் கௌட்டிக்குப் படித்துக் காட்டினேன். அவர் வெளியே போய் வேலியைப் பழுதுபார்த்தார். அந்த வேலியில் பழுதெதுவும் இல்லை.

இங்கே குட்டிகள் பிறந்துகொண்டிருக்கின்றன! முப்பத்தொரு தாய்க்கு ஏறக்குறைய எல்லாம் இரட்டை. பெரிய தொழுவத்தில் ஒரு மூலைதான் நிறைந்திருக்கிறது, ஆனால் சத்தம் முன்னைப் போலவே இருக்கிறது. வந்து பார்த்தால்தான் நம்புவாய். ஹெர்ராவின் வெள்ளையும் ஸ்கெஸ்ஸாவின் சாம்பலும் கலந்து என்னென்னவோ வந்திருக்கின்றன. முழு வெள்ளை, முழுக் கறுப்பு, வயிறு மட்டும் வெளுத்தது, கண்ணைச் சுற்றி வளையம் போட்டது. ஒன்று காலுறை போட்ட மாதிரி நான்கு கால் மட்டும் வெள்ளை. ஹெர்ராவின் தடித்த முதுகு சிலவற்றுக்கு, அவளுடைய நீளக் கால் சிலவற்றுக்கு. இத்தனையும் அந்தப் பஞ்சுமூட்டைகளுக்குள் இவ்வளவு காலம் எங்கே ஒளிந்திருந்தது என்று நான் தொழுவத்தில் நின்று வாய்பிளக்கிறேன். கிழவி ஸ்கெஸ்ஸாவும் ஒன்று போட்டாள். பல்லில்லாத வாயால் நக்கி நக்கி எழுப்பி நிறுத்திவிட்டாள்.

ஹால்வர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, அவள் வழியில் ஒரு கிடாய்க்குட்டி வேண்டும், அரசாங்க விதி எப்போது அனுமதிக்கிறதோ அப்போது வேண்டும் என்றார். "வரிசையில நில்லு. கறியைத் தேடணும்னு சொன்னவங்கள்லாம் கடைசியில" என்றார் கௌட்டி. இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

ஆனால் உனக்கு மறைப்பானேன். குட்டிகளின் காதிலும் சதை எடுத்தாயிற்று. தாய்க்கு ஜோடியில் ஒன்றுதான் நல்லது. அதைக் கொடுத்திருந்தால் குட்டி இருக்கும், மற்றதைக் கொடுத்திருந்தால் போகும். யோருனுடைய கணக்குப்படி ஏறக்குறைய பாதிக்குப் பாதி. பதில் வர இன்னும் நாளாகும். எது இருக்கும் எது போகும் என்று பார்த்தால் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி துள்ளுகின்றன.

நீ இருந்தவரை நம் வீட்டில் குட்டிகளுக்குப் பெயர் வைத்தது நீதான். சின்ன வயதிலிருந்து அது உன் வேலை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, முகத்தைப் பார்த்து, அதற்கென்று ஒரு பெயரைச் சொல்வாய். ஒருமுறைகூட ஒரு பெயரை இரண்டு தடவை வைத்ததில்லை. நீ போன பிறகு நாங்களும் வைத்துப் பார்த்தோம், கௌட்டிக்கு அது வராது. எனக்கும் வராது.

பதில் வந்த பிறகு பெயர் வைக்கலாம், இருக்கிறவற்றுக்கு மட்டும் வைத்தால் போதும் என்கிறார் கௌட்டி. மனசு தாங்காது என்று பயப்படுகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதில் வருவதற்கு முன்னால் வா, ஸ்டூர்லா. எல்லாவற்றுக்கும் வை. போகப்போவதும் பேரோடு போகட்டும்.

உன் அக்கா,
ரன்வெய்க்