பட்டியலில் நான் வெட்டிய வீடு

கிளென் ஈடன்,
ஒக்லண்ட்.
செப்டெம்பர் 7, ஞாயிறு

என் அன்பு மகள் வித்தியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், எனக்கும் கால் வீக்கம் வற்றிவிட்டது. அங்கே டென்மார்க்கில் நீயும் மருமகன் அரசுவும் பேத்தி சாம்பவியும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் பிள்ளையாரைக் கேட்கிறேன். கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதே, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நாங்கள் பயணத்தால் வந்து எட்டுக் கிழமை, இரண்டு மாதம்போல் ஆகிறது, நான் எடுத்த போன் ஒன்றுக்கும் நீ வரவில்லை. அரசுதான் எடுத்து, அவ வேலைக்குப் போட்டா மாமி, அவ குளிக்கிறா மாமி என்று ஒவ்வொரு பொய்யாய்த் தேடிப் பிடித்துச் சொல்கிறார், பாவம், அந்த மனுசனுக்குப் பொய் வராது. அதனால்தான் பேனையை எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை பார்க்காமல் சொல்ல வந்ததை மட்டும் பார்.

இங்கே குளிர் குறைந்துவிட்டது, ஆனால் மழை விடுகிறதாய் இல்லை, உடுப்புக் காய நாலு நாள் செல்கிறது. உன் தம்பி கேதீசின் சின்னவள் மிதுரா இப்போது அழாமல் கிண்டி என்கிற பாலர் பள்ளிக்குப் போகிறாள். மூத்தவன் பிரணவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அந்த ஓட்டை வாயோடு வகுப்பில் எழுந்து நின்று ஐரோப்பாப் பயணத்தைப் பற்றிப் பத்து நிமிடம் கதைத்திருக்கிறான். ஆறு வயதுப் பிள்ளை இப்படிப் பேசி நான் கேட்டதில்லை என்று ரீச்சர் சொன்னாவாம். கேட்டு வந்து கேதீஸ் சொன்னபோது நான் மூன்று வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன், பேரன் பேசினால் சொல்லாமல் இருக்கச் சொல்கிறாயா.

இனி விசயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை லண்டனிலிருந்து சதாசிவம் அண்ணாவின் பெண்சாதி எடுத்தா. எனக்குக் காது மந்தம் என்று போனை எப்போதும் சத்தமாகத்தான் வைத்திருப்பேன், உனக்குத் தெரியும். வித்தியா என்னோடை கதைச்சவள் மச்சாள், இந்தியாக்காரி வந்து என்ரை தம்பியைப் பிரிச்சுப் போட்டாள் எண்டு அழுதவள், வீட்டு வாசல் வரைக்கும் வராமல் மலை பாக்கப் போட்டினமாம் எண்டு சொன்னவள் என்று ஒன்றும் விடாமல் ஒப்புவித்தா. பக்கத்தில் நின்று தோசை சுட்டுக்கொண்டிருந்தது மருமகள் பிரியா. அவள் அடுப்பை நிறுத்திப்போட்டுப் பிள்ளைகளைக் குளிக்க வார்க்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இன்று காலை ஏவன்டேல் சந்தையில் கீரை தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் கேட்டாள். அத்தை, அண்ணி என்கிட்டயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, ஏன் லண்டன்ல சொல்லி அழறாங்க என்றாள். அவ்வளவுதான். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று நான் கேட்டேன். எனக்கும் வர ஆசைதான்னு சொல்லியிருப்பேன் என்றாள். அவள் நினைத்திருந்தால் அத்தைதான் வேண்டாம் என்றவ என்று உனக்கு எப்போதோ எழுதியிருக்கலாம், அதுதான் உண்மை. எட்டுக் கிழமையாக அவள் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அவள் திறக்காதது நல்ல மனம், நான் திறக்காதது பயம்.

முதலில் இருந்து சொல்கிறேன். பிள்ளைகளோடு மூன்று கிழமை ஐரோப்பா போவோம் அம்மா, நீங்களும் வாங்கோ என்று கேதீஸ் கேட்டவுடன் பிரணவனின் கொப்பியில் ஒரு ஒற்றை கிழித்துப் பட்டியல் போட்டது நான். லண்டனில் நாலு வீடு, பாரிசில் மூன்று, சுவிசில் ஒன்று, ஜேர்மனியில் இரண்டு, கடைசியில் உன் வீடு ஐந்து நாள், ஆக மொத்தம் பதினொரு வீடு. சின்னப் பிள்ளைகளை வெச்சுக்கிட்டு இத்தனை வீடு ஏற முடியுமா அத்தை, அண்ணி வீடும் இன்னும் ரெண்டு ஊரும் போதுமே என்று பிரியா அப்போதே சொன்னாள். எங்கடை ஆக்களை உமக்குத் தெரியாது பிள்ளை, ஒரு வீட்டை விட்டால் நாளைக்கு என்ரை செத்த வீட்டுக்கும் வரமாட்டினம் என்று நான் அவள் வாயை அடைத்தேன்.

லண்டனில் நிலக்கீழ் ரயிலுக்குப் படியில் மிதுராவின் தள்ளுவண்டியைக் கேதீஸ் முன்னாலும் பிரியா பின்னாலும் தூக்க, நான் பிரணவனின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினது ஒரு கதை. வீட்டுக்கு வீடு ரோல்ஸ், வீட்டுக்கு வீடு ஆட்டிறைச்சிக் கறி, ஃபாண்டா சோடா ஒரு கிளாஸ், பிறகு பிள்ளை ஒரு தேவாரம் பாடவேண்டும், எல்லோரும் கன்னத்தைக் கிள்ளவேண்டும். மூன்றாம் வீட்டோடு மிதுரா சத்தி எடுக்கத் தொடங்கிவிட்டாள், மாற்று உடுப்பு முடிந்துபோய் அவர்களின் பிள்ளையினுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். பாரிசில் இராசநாயகம் சித்தப்பா இரண்டாம் முறையும் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று நின்றதில் ஈபிள் கோபுரத்தைக் கார் கண்ணாடியால் பார்த்ததுதான், அதுவும் பிள்ளைகள் இரண்டும் நித்திரை. சுவிசில் கதிர்காமநாதன் மாமா வீட்டுக்கு வந்தது பன்னிரண்டாம் நாள். ஐந்தாம் மாடி, பல்கனியில் நின்றால் மலை தெரியும், ஆனால் நாங்கள் உள்ளே சோபா செற்றியில் இருந்து கலியாண வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது பிரணவன் தாயிடம் ஏதோ இங்கிலீசில் கேட்டான், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று நான் கேட்டேன். எப்ப நாங்கள் யூரோப்புக்குப் போறது எண்டு கேக்கிறான் அம்மா என்று கேதீஸ் சொன்னான். பிரியா மட்டும் சிரிக்கவில்லை, எழும்பிப் போய்ப் பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே நின்றாள். எனக்கும் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு நாளாக அந்தப் பிள்ளை செற்றிகளைத்தான் பார்த்திருக்கிறான்.

அன்று பின்னேரம் நான்தான் கேதீசைக் கூப்பிட்டுப் பட்டியலை எடுக்கச் சொன்னேன். மிச்சம் ஜேர்மனி இரண்டு வீடும் உன் வீடும். அவன் உடனே, ஜேர்மனியை விட்டிட்டு நேர அக்காட்டைப் போவம் அம்மா, அங்கை பிள்ளையள் ஓடி விளையாடட்டும் என்றான். நான்தான் இல்லை என்றேன். ஜேர்மனியில் இருப்பது உன் அப்பாவின் தங்கை, அத்தையை விட்டுவிட்டு வந்தால் அப்பா இப்போது இல்லையென்றபடியால் தன்னை மதிக்கவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லுவா. உன்னட்டை வர ஒரு நாள் ரயில், திரும்ப ஒரு நாள், பிள்ளைகளும் களைத்துப்போச்சு என்று நியாயம் சொல்லி உன் வீட்டைப் பேனையால் வெட்டினேன். அக்காவுக்கு என்ன சொல்லுறது என்று கேட்டான். அவளுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன், அவள் என்ரை பிள்ளை என்றேன். பிறகு உன்னோடு கதைக்கத் துணிவு வராமல் அவனைக் கொண்டே மெசேஜ் போடுவித்தேன். நீ ஓம், பிரச்சினை இல்லை என்று போட்டாய். நானும் பிரச்சினை இல்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

உனக்கு வைத்த அந்த ஐந்து நாளும் சுவிசிலேயே ஒரு வாவிக்கரையில் சின்ன மரவீடு எடுத்து இருந்தோம். சுற்றுவட்டாரத்தில் எங்களை அறிந்த ஒரு ஆள் இல்லை. பிரியா பருப்பும் சோறும் மட்டும் காய்ச்சினாள், மிதுராவின் வயிறு இரண்டாம் நாளே சரிவந்துவிட்டது. பிரணவன் விடிந்தால் பொழுதுபட்டால் தண்ணீருக்குள் கல் எறிந்தான், கம்பியில் தொங்குகிற பெட்டியில் ஏறி மலை உச்சிக்குப் போய்ப் பனிக்கட்டியைத் தொட்டுவிட்டு வந்து என் கழுத்தில் குளிர்ந்த கையை வைத்தான். நான் கரையில் கிடந்த மர வாங்கில் இருந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே சந்தோசமாக இருந்தது வித்தியா. இதை எழுதத்தான் கை கூசுகிறது, எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பிரயோசனம் இல்லை.

பிறகு ஜேர்மனிக்குப் போனோம். அத்தை கதவைத் திறந்து, அட, இண்டைக்கே வாறியள், நான் நாளைக்கெண்டெல்லோ நினைச்சன் என்றா. பிஸ்கற்றும் தேத்தண்ணியும் தந்தா, நாடகம் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிற்பாட்டவில்லை. மூன்று மணித்தியாலம் இருந்தோம். பிரணவனின் பெயரை இரண்டு தரம் மாற்றிக் கூப்பிட்டா. காரில் திரும்புகிறபோது கேதீஸ் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தான், நான் வெளியே பார்த்தேன்.

நீ பத்து நாள் லீவு எடுத்ததும், பக்கத்து வீடுகளில் மூன்று மெத்தை இரவல் வாங்கிப் போட்டதும், சாம்பவி எங்கள் எல்லோருடைய பெயரையும் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினதும் பிறகு அரசு சொல்லித்தான் தெரியும். நாங்கள் வரமாட்டோம் என்றான மூன்றாம் நாள் நீ மெத்தைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லீவை முறித்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாயாம். ஏழு வருசமாக உன் முகத்தைப் போனில்தான் பார்க்கிறேன். மற்றவர்கள் கோபித்தால் திரும்ப மாட்டார்கள், பெற்ற பிள்ளை கோபித்தாலும் எங்கே போகப்போகுது என்று கணக்குப் போட்டேன் பார், அந்தப் புத்தியைத்தான் இவ்வளவு நாளும் நினைத்து நினைத்து வெட்கப்படுகிறேன். நீ எங்கேயும் போகமாட்டாய் என்றுதானே உன்னை வெட்டினேன். இப்போது போய்விட்டாய்.

ஒக்டோபரில் நான் உன்னட்டை வர நினைக்கிறேன். தனியத்தான். வீல்செயர் என்று எழுதிவிட்டால் விமானம் மாறுகிற இடத்தில் ஆள் வந்து தள்ளிக்கொண்டு போய் அடுத்ததில் ஏற்றிவிடுவார்களாம், கேதீஸ் விசாரித்து வைத்திருக்கிறான். உங்களால் ஏலுமோ அம்மா என்று கேட்டான், பத்து வீடு ஏறினவளுக்கு ஒரு வீடு ஏலாதோ என்றேன். ஆனால் நீ சொல்லாமல் ரிக்கெற் போடமாட்டேன். வரவேண்டாம் என்றால் அதையும் நேரே சொல், அரசுவை இடையில் விடாதே. வந்தால் ஒரு மாதம் இருப்பேன். நீ லீவு எடுக்காதே, ரோல்ஸ் செய்யாதே, என்னை அங்கே ஒருவர் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போகாதே, ஆர் கேட்டாலும் அம்மாவுக்குக் கால் ஏலாது என்று சொல். நீ வேலையால் வருகிற நேரம் நான் வீட்டில் இருப்பேன்.

குளிர் தொடங்கமுன் சாம்பவிக்குச் சப்பாத்து மாற்று, போன முறை போனில் பார்த்தபோது விரல் முட்டிக்கொண்டு நின்றது. நீ இரும்புக் குளிசையை விடாதே. அரசுவுக்கு மாமி கேட்டதாகச் சொல்லு. உனக்கும் உன் குடும்பத்துக்கும் ஒரு குறையும் வரக்கூடாது, நீ தலை நிமிர்ந்து நல்லாய் இருக்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. எனக்குப் போன் எடுக்க இன்னும் மனம் வராவிட்டால் பரவாயில்லை, நான் பொறுப்பேன். முதலில் பிரியாவுக்கு எடு. அவள் வேலை முடிந்து ஆறு மணிக்கு வீட்டில் நிற்பாள், உனக்கு அப்போது காலை எட்டு மணி. நான் அந்த நேரம் பிள்ளைகளைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், நீங்கள் இரண்டு பேரும் கதையுங்கோ.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா,
வசந்தமலர்