கோணி கட்டிய குழாய்

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
9-8-1959

அன்புள்ள அம்மாவுக்கு, பாக்கியமேரி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? பதில் தாமதமானதற்குக் கோபிக்காதீர்கள். பாப்பாவும் நானும் சுகம். பேப்பரில் காலரா என்று படித்துப் பயந்திருப்பீர்கள். நம் வீட்டில் ஒன்றுமில்லை. எதிர்வீட்டு ஆபிதாவின் சின்ன மகன் மட்டும் போய்விட்டான்.

தெருவின் பழைய குழாயில் சாக்கடை கலக்கிறதென்று இரண்டு மாதம் முன்பே புதுக்குழாய் போட்டார்கள். அதை எந்தக் கட்சிக்காரர் திறந்துவைப்பது என்று சண்டை வந்ததில், கோணியைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். விழா நடக்கட்டுமென்று, பி.ஏ. படித்த நானும் காத்திருந்தேன். பையனை அடக்கம் செய்த மறுநாள், தெருவில் முனைக்கொன்றாக இரண்டு கட்சிக்கூட்டம். "அவனுங்கதான் கொன்னானுங்க!" என்று இரண்டு மைக்கும் கத்தின.

அந்தச் சத்தத்திலேயே ஆபிதா வந்தாள். "டீச்சரம்மா, கத்தி இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க. இவனுங்க தொறக்கிறதுக்குள்ள உங்க புள்ளையும் போயிரும்."

நான்தான் அறுத்தேன். அவள் குடம் பிடித்தாள்.

இன்று இரு கட்சியும் சேர்ந்து ஒரே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியவரைப் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம். குழாயை மறுபடியும் கட்டிவிட்டார்கள், இந்த முறை கம்பி வைத்து.

டில்லிக்கு உங்கள் மாப்பிள்ளைக்கு இதை எழுதிவிடாதீர்கள். நீங்கள் வந்து நாலு நாள் இருந்தால் நன்றாயிருக்கும். வேண்டாம், இந்தத் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

பாப்பா அழுகிறாள், நிறுத்துகிறேன். நீங்கள் கொடுத்த கத்தி மழுங்கிவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால், கம்பி வெட்டுகிற கட்டிங் பிளேயர் ஒன்று கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் மகள்,
மேரி