பாலத்துக்குக் கீழ போடாத பலகை

திருகோணமலை
12.9.1963

என்ட தங்கச்சிக்கு,

ஸலாம். மச்சானை அடக்கிப் பத்து நாளாச்சு. புருஷனை இழந்து இத்தாவில வீட்டோட இருக்கிற உன்னை வந்து பார்க்கக் கூடப்பிறந்த காக்கா எனக்குத் தடையில்லை. உப்புவெளிக்கு பஸ்ஸும் ஓடுது. நான்தான் வரயில்ல.

ரயில் பாலத்துக்குக் கீழ லொறி நெரிசல் எண்டு, பாதையை ஒருவழியாக்கக் கூட்டம் வைச்சது உனக்குத் தெரியும். சைக்கிளில மீன் விக்கிற ஆக்களுக்காக மச்சான்தான் எழும்பிக் கதைச்சார். "நாங்க சுத்திப் போறம், பரவாயில்ல. ஆனா எப்ப இருந்து எண்டு எங்களுக்கு ஆர் சொல்லுறது?" எண்டு கேட்டார். நகரசபைக் கந்தோர் கிளாக்கர் நான், "பலகை போடுவம் மச்சான்" எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னனான்.

பலகை சனிக்கிழமை வந்தது. எழுத்து முழுக்கச் சிங்களம். தமிழ் இல்லாத பலகையை எங்கட ஊரில நட விடமாட்டன் எண்டு, அதை அலுமாரிக்குப் பின்னால திருப்பிச் சாத்திப்போட்டு, பெயின்டருக்கு ஆள் அனுப்பினன். கந்தோரில எல்லாரும் என்னை மெச்சினாங்க.

திங்கட்கிழமை ஒருவழி தொடங்கினது. மச்சான் வழமையான பக்கத்தால வந்தார். எதிரில லொறி வந்தது.

பிழையான பக்கத்தால வந்தவர் எண்டு ஊர் கதைக்குது. நான் வாய் திறக்கயில்ல.

பெயின்டர் நேற்றுத்தான் வந்தான். பலகையைத் திருப்பினன். சனிக்கிழமை என்ட கண்ணில பட்ட எழுத்து, அடியில ஒரே ஒரு வரிதான். மற்றதெல்லாம் ஒரு பெரிய அம்பு.

மச்சானுக்கு எந்த எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அம்பு விளங்கியிருக்கும்.

உன்ட காக்கா