நீ சொல்லாமல் விட்ட தோல்

டப்பாவின் மூடியைத் திறந்ததும் மிளகு மூக்கில் ஏறியது. அதன் பின்னால் சோயா, பூண்டு, காய்ச்சிய கருப்பட்டி. கண்ணில் தண்ணீர் வந்தது. அது மிளகினால் வந்தது. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் மனைவி கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். நகோயாக் கோழி இறக்கை, எட்டுத் துண்டு. நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவள் உட்காரவில்லை.

"ஞாயித்துக்கெயம அவருக்கு வருசப் பூச. முடிச்சிட்டு வூட்ல சாப்பாடு. நீ வரணும்ணா."

"உங்க வூட்டுப் படி ஏற மாட்டேன்னு சொல்லிக்கீறேன், தெரியும்ல?"

"சொன்னவன் நீ, கேட்டவரு பூட்டாரு. இப்ப யாருகிட்ட காட்றே உன் வீறாப்ப?"

உன்னிடம்தான். வேறு யாரிடம் காட்டுவேன்? மூன்று வருஷமாக உன்னிடம் பேசவில்லை. அதில் இரண்டு வருஷம் நீ உயிரோடு, இரண்டு தெரு தள்ளி இருந்தாய். உன் சவப்பெட்டி வாசலுக்கு வந்த நாளிலும் நான் எதிர் நடைபாதையில்தான் நின்றேன். கல்லறைவரை நடந்தேன், மண் போட்டேன். படி ஏறவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான், நாளிதழைப் பார்த்து எழுதப் பழகியவன். அதனால் சுற்றி வளைக்கத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தப்பு யாருடையது என்று நீயே பார்.

நீ கப்பலில் சமையல்காரன். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். எந்தக் கப்பலில் போனாலும் திரும்பி வந்த முதல் வாரம் உன் வீட்டு மொட்டை மாடியில் அடுப்பு மூட்டி எதையாவது சமைத்துப் போடுவாய். பாதி வாயில் வைக்க விளங்காது. ஆனால் ஒரு தடவை ஜப்பானில் நகோயாத் துறைமுகத்தில் உன் கப்பல் பழுதாகி நின்றபோது, தினமும் ஒரு சின்னக் கடையில் போய் உட்கார்ந்து, அந்தச் சமையல்காரனின் கையையே பார்த்துக்கொண்டிருந்து கற்றுவந்தாய், இந்த இறக்கையை. அது விளங்கியது.

மாவு தோய்க்கமாட்டாய். மிதமான எண்ணெயில் ஒரு தடவை, ஆறவிட்டு நன்றாகக் காய்ந்த எண்ணெயில் மறு தடவை. சூடு இறங்குவதற்குள் பாகைப் பூச வேண்டும். அங்கே அதில் அரிசியில் செய்த இனிப்பு மதுவை ஊற்றுவார்களாம். நீ கருப்பட்டியைக் காய்ச்சினாய். மேலே வெள்ளை மிளகுத் தூளும் வறுத்த எள்ளும், பக்கத்தில் பச்சை முட்டைக்கோஸ். எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கத்துக் காற்று திரும்பினால் சாம்பல் விழும் என்று தட்டுகளை மூடிவைப்பாய்.

சாப்பிடுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தாய். யாராவது ஸ்பூனைத் தேடினால், "கையிலேயே சூடு போட்ருவேன்" என்பாய். இறக்கையின் நுனியை மூட்டில் மடக்கி ஒடிக்க வேண்டும். சதையுள்ள துண்டை மெல்லிய முனையில் பிடித்து, பருத்த முனையை வாய்க்குள் விட வேண்டும். பல்லால் இலேசாகக் கவ்வி இழுத்தால், இரண்டு எலும்பும் துடைத்தாற்போல் வெளியே வரும். சதை முழுக்க நாக்கில் நிற்கும். முதல் தடவை நான் எலும்போடு கடித்தபோது தலையில் தட்டினாய். "கடிக்காத மாமு. உருவு. அவசரப்படாம உருவு." ஒடித்த நுனியை வீசவும் விடமாட்டாய். கடைசியில் அதைச் சப்ப வேண்டும், மிளகெல்லாம் அதில்தான் தங்கியிருக்கும்.

இருபது வருஷம் அப்படித் தின்றேன். வெளியே மொறுமொறு என்று உடைவது ஏதோ ஜப்பான் மாவு என்றே நினைத்திருந்தேன். கேட்டபோதெல்லாம் சிரித்தாய். "கம்பெனி ரகசியம் மாமு."

உன் மகள் நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடி. ஒரு மாதமாக அவர்களிடம் போனில் இந்த இறக்கையைப் பற்றியே அளந்தாய். இறைச்சி வாங்குகிற வேலையை என்னிடம் தந்தாய். "உன்ன விட்டா யாருகீறா?" என்றாய். விடியற்காலையில் புளியந்தோப்பு இறைச்சிக் கடைக்குப் போனேன். ஆறு கிலோ இறக்கை. கடைக்காரர் அப்படியே பையில் போட வந்தார். சம்பந்தி வீட்டு விருந்துக்குத் தோலோடு கொண்டுபோவதா? நம் பக்கத்தில் கோழித்தோல் பூனைக்கு. ஒவ்வொன்றாக உரிக்கச் சொன்னேன். "றெக்கையில தோலு உரிக்கச் சொல்ற மொத ஆளு நீதான் நைனா" என்று திட்டிக்கொண்டே உரித்தார். ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன். ஒரு துளித் தோல் இல்லாமல், வெள்ளை வெளேர் என்று, பெருமையாக உன் மாடிக்குத் தூக்கிவந்தேன்.

நீ பையைப் பிரித்தாய். சம்பந்தி வீட்டார் பத்துப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தோலு எங்கடா?"

"கலீஜுன்னு உரிச்சிட்டேன்."

"அறிவு கீதா உனக்கு? தோலு இல்லாம இன்னாத்த வறுக்கிறது? கிரேனு ஓட்றவன நம்பி அனுப்பினேன் பாரு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "டேய், இத்தினி வருசம் எனக்குத் தோலையா துன்னக் குடுத்தே?"

சம்பந்தியம்மாள் முந்தானையால் வாயை மூடினாள், குமட்டலோ சிரிப்போ. உன் முகம் கறுத்தது. "வெளிய போடா" என்றாய். என் வயதில், அத்தனை பேர் முன்னால். "இனிமே உன் வூட்டுப் படி ஏறினேன்னா செருப்பால அடி" என்று இறங்கினேன்.

இப்போது சொல். தோல் என்று தெரிந்தால் இந்தத் தெருவில் ஒருவனும் தொடமாட்டான் என்றுதானே மறைத்தாய்? மற்றவர்களிடம் மறை. என்னிடம் எதற்கு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தோலோடு வாங்கி வந்திருப்பேன். முதலில் முகம் சுளித்திருப்பேன், பிறகு தின்றிருப்பேன். நீ சொல்லாததற்கு நான் வெளியே போக வேண்டுமா?

இதை உன் மனைவியிடமும் கேட்டேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு நீ கொணாந்தத அவரு வீசலண்ணா. வந்தவங்களுக்கு பிரியாணியோட முடிச்சிட்டாரு. அத வறுத்து ஒரு வாரம் அவரே துன்னாரு, ஒண்ணு விடாம. 'தோலு இல்லாமயும் நல்லாத்தான்டி கீது, அவங்கிட்ட சொல்லித் தொலைக்காத'ன்னாரு."

"சொல்லித் தொலைக்காதன்னா சொன்னான்?"

"அப்படித்தான் சொன்னாரு. அப்பறம் தெனம் சாயங்காலம் சட்டையப் போட்டுகினு கெளம்புவாரு. உன் தெருமொன வரிக்கும் போவாரு. திரும்பி வந்துருவாரு."

அவள் போன பிறகு டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்தேன். ஒடித்தேன், கவ்வினேன், உருவினேன். எலும்பு சுத்தமாக வந்தது. தோல் பல்லில் உடைந்தது. தோல் என்று தெரிந்தே எட்டையும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உனக்கு ஏன் இருந்தது? ஆறு கிலோவைத் தனியாகத் தின்று தீர்க்க முடிந்தவனுக்கு, தெருமுனையிலிருந்து என் வாசலுக்கு நாற்பது அடி நடக்க முடியவில்லையா? நான் உன் படி ஏறமாட்டேன் என்றுதான் சொன்னேன். நீ என் படி ஏறக்கூடாது என்று யார் சொன்னது? தினமும் சாயங்காலம் வாசல் பக்கமே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேனே, காற்றுக்கு என்றா நினைத்தாய்? கண்டெய்னர் லாரிப் புகையில் எவன் காற்று வாங்குவான்?

இன்று ஞாயிறு. விடிந்ததும் புளியந்தோப்புக்குப் போய்வந்துவிட்டேன். அதே கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "நைனா, மறுபடியுமா?"

"நாலு கிலோ. ரெண்டு தோலோட. ரெண்டு உரிச்சு."

"இன்னா கணக்கு இது?"

"வூட்ல சண்டை" என்றேன்.

கோயிலில் பூசைக்கு முதல் மணி அடித்துவிட்டது. இரண்டு பையும் வாசலில் தயாராக இருக்கின்றன. தோலோடு இருப்பது உன் பங்கு. சம்பந்தி வீட்டார் வந்தால் அவர்களுக்கும் அதையே போடச் சொல்வேன், தோல் என்று சொல்லியே போடச் சொல்வேன். உரித்தது என் பங்கு. உன் மாடியில், உன் நாற்காலியில் உட்கார்ந்து, நீ காட்டிய மாதிரியே ஒவ்வொன்றாக உருவித் தின்பேன். நுனியையும் சப்புவேன்.

படி ஏறினால் செருப்பால் அடி என்று சொல்லியிருந்தேன். ஏறத்தான் போகிறேன். வந்து அடி.