கோள் எங்கே நிற்கும்

செப். 12, வெள்ளி

காலையிலிருந்து தூறல். வானம் மூடிக் கிடக்கிறது. தொலைநோக்கிக்காரர்களுக்கு ஓய்வு. எனக்கு இல்லை, என் கோள் கணினிக்குள்.

கணினியில் கோளை ஓட்டிப் பார்க்கும் நேற்றைய ரன்னும் போச்சு. வியாழன் அளவு இளங்கோள், நட்சத்திரத்தைச் சுற்றித் தட்டாகப் பரந்த வாயு. தட்டில் அழகாகப் பள்ளம் தோண்டியது. பிறகு வாயு அதை உள்ளே தள்ளித் தள்ளி, நட்சத்திரத்தில் விழ வைத்தது. எல்லா ரன்னிலும் இதே கதை. கைடு மேடம் போனில்: "திங்கக்கிழமைக்குள்ள கோள் நிக்கலன்னா அந்தப் பகுதியை எடுத்துடலாம்." தீசிஸில் பாதி அது.

சோப்பு, தலைவலி மாத்திரை வாங்கணும்.

செப். 13, சனி

என் வீட்டுக்காரர் ரஃபீக் வந்தார், வாணியம்பாடியிலிருந்து, சொல்லாமல். கல்யாணமாகி ஒரு வருடம். இந்த வானாய்வக மலைக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. கையில் பிரியாணி டப்பா. ஊரில் மகளிர் காலேஜில் வேலை காலியாம். "வூட்லேந்தே போய்ட்டு வரலாம். அம்மா கேக்கச் சொன்னாங்க."

"நீங்க இன்னா சொல்றீங்க?"

டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து பழைய ரன்னின் படத்தைப் பார்த்தார். "இன்னாது இது?" சொன்னேன். இதுவரை அவர் கேட்டதில்லை; நானும் சொன்னதில்லை. கோள் விழுந்ததும் "அய்யோ" என்றார். மெய்யாகவே.

"யாராச்சும் புடிச்சு நிறுத்தக் கூடாதா?"

"வாயு தீர்ந்தாதான் நிக்கும்."

புதிய ரன்னில் அதைத்தான் சேர்த்திருக்கிறேன்: நட்சத்திரத்தின் வெப்பத்தில் வாயு மெல்ல ஆவியாவது.

செப். 14, ஞாயிறு

மழை விட்டது. மரத்தை இன்னும் அறுக்கிறார்கள். நெட் இல்லை. ரன் பெங்களூர் கணினியில் ஓடுகிறது, இங்கே ஒன்றும் தெரியாது. துணி துவைத்தேன், அவர் காயப்போட்டார்.

"காலேஜ்ல இத செய்ய முடியாதா?"

"முடியாது."

"ம்." அடுத்த துணியை உதறிக் கொடியில் போட்டார்.

செப். 15, திங்கள்

வெயில். நெட் வந்தது. கோள் உள்ளே நகர்ந்தது, மெதுவானது. வாயு தீர்ந்தது. நட்சத்திரத்துக்கு வெகு தூரத்திலேயே நின்றது.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

கேண்டீன் வரை கேட்கக் கத்தினார்.

மேடம் பதில்: "நல்லா இருக்கு. வாயு அளவை மாத்தி மாத்தி ஓட்டிப் பாரு." பகுதி தப்பித்தது. வேலை கூடியது.

ரோடு திறந்து ஷேர் ஜீப் வந்தது. ஏறும்போது கேட்டார். "இது முடிய இன்னும் எவ்ளோ நாளு ஆவும்?"

"ரெண்டு வருஷம்."

டிரைவர் ஹாரன் அடித்தான். இவர் படியில் வைத்த காலை இறக்கினார். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஞாயித்துக்கெழம மொத பஸ் எத்தினி மணிக்கு இங்க வருது?"