எத்தனை நாள் தங்க உத்தேசம்

ஜூன் 11, செவ்வாய்

இன்று கணக்கெடுக்கப் போகும் பெண்களுக்குப் பயிற்சி வகுப்பு. நகரத்தில் தனியாக வாழ்பவர்கள் உடம்புக்கு வந்தால் எவ்வளவு தாமதமாக மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்பதுதான் எங்கள் ஆய்வு. முதலில் யார் தனியாக வாழ்கிறார் என்று தெரிய வேண்டுமே. அரை நாள் அதிலேயே போயிற்று. ஆறு மாதமாக வீட்டில் இல்லாதவர் அந்த வீட்டு ஆள் இல்லை. ஆறு மாதம் ஆகவில்லை என்றால், போன இடத்தில் எத்தனை நாள் தங்க உத்தேசம் என்று கேட்க வேண்டும்.

முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "மேடம், ஆள் வெளியூர்ல. ஆனா சட்டையெல்லாம் இங்க பீரோவுல இருக்கு. என்னன்னு எழுதறது?"

"சட்டையை எண்ணாதேம்மா. உத்தேசத்தைக் கேளு" என்றேன். வகுப்பே சிரித்தது. முப்பது வருஷமாக இதே பாடம். இன்னும் சிரிக்க வைக்க முடிகிறதே என்று எனக்கும் உள்ளூரப் பெருமை.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தால் என் வீட்டுக்காரருடைய சட்டைகள். இஸ்திரி மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கின்றன.

ஜூன் 12

அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. பார்ப்போம், யார் முதலில் என்று.

ஜூன் 15, சனி

நான்தான் முதலில்.

ஃபிப்ரவரியில் போனவர். தம்பிக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை, ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ஒரு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று ஒற்றைப் பையோடு கிளம்பினார். கொழுந்தனார் இப்போது மாடிப்படியே ஏறுகிறாராம். இவர் இன்னும் ஆணியும் தாழ்ப்பாளும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பாலத்துக்கெல்லாம் வரைபடம் போட்ட கை!

"ஆகஸ்ட் வந்தா ஆறு மாசம். வீட்டுக் கணக்குலேர்ந்து உங்களை எடுத்துடுவேன், சொல்லிட்டேன்" என்றேன் விளையாட்டாக.

"எடுங்க மேடம். உங்க ஆய்வுக்கு ஒரு ஆள் கூடுமில்ல" என்று அவரும் சிரித்தார்.

அந்த ஒரு ஆள் யார் என்று ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஜூலை 3

எங்கள் புள்ளிவிவரக்காரருக்கு நான் வைத்த பெயர் தசமம். வயதைக் கேட்டால்கூடப் புள்ளி வைத்துத்தான் சொல்வார். முதல் சுற்று முடிவுகளோடு வந்தார். தனியாக இருப்பவர்கள் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு நாள் தாமதமாக மருத்துவரிடம் போகிறார்கள். "ஒண்ணு புள்ளி எட்டு மூணு, மேடம்" என்று திருத்தினார்.

பணமில்லாததோ தூரமோ காரணமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதற்கெல்லாம் தனியாகக் கணக்குப் பார்த்தும் தாமதம் குறையவில்லை. "என்ன, முகமே சரியில்லையே?" என்று கேட்க வீட்டில் இன்னொரு ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம். இதை அறிக்கையில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

ஜூலை 9, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை முதல் காய்ச்சல். இன்றைக்குத்தான் டாக்டரிடம் போனேன். "ஏன் இவ்வளவு லேட்டு? என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்காமல் இருந்தது பெருந்தன்மை.

ஊரில் இருக்கிறவரிடம் காய்ச்சலைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுவார். அதுதான் பயம். காய்ச்சலுக்காக வருகிறவர் காய்ச்சல் விட்டதும் போய்விடுவார்.

ஜூலை 22

இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். பணி ஓய்வுக்குப் பதில் மூன்று வருஷ நீட்டிப்பு. இதே ஆய்வை இன்னும் ஐந்து நகரங்களில் நடத்த வேண்டும். ஆகஸ்ட் பாதிக்குள் பதில் சொல்லச் சொன்னார். மனசு துள்ளியது. பொய் சொல்வானேன்?

சாயங்காலம் ஃபோனில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நல்லதுதானே. உனக்குப் பிடிச்ச வேலை" என்றார்.

அவ்வளவுதான். அப்ப நீங்க? நான் இங்க மூணு வருஷம் இருந்தா நீங்க எங்க இருப்பீங்க? அதைச் சொல்லவே இல்லையே மனுஷன். நானும் கேட்கலை. எத்தனை ஆயிரம் வாசலில் நின்று கேட்க வைத்த கேள்வி — கட்டின புருஷனிடம் கேட்க வாய் வரவில்லை. வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு அங்கேயே போயிடட்டுமா? அவர் வான்னு சொல்லலையே. கூப்பிடாத இடத்துக்கு எந்த முகத்தோட போறது?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கேட்டுவிட்டேன். "அங்க இன்னும் எத்தனை நாள் இருக்கறதா உத்தேசம்?"

அந்தப் பக்கம் கடையில் யாரோ கம்பி அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வகுப்பில் நான் தொண்டை வற்றச் சொல்வது இதைத்தான்: கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு. பதிலை நீ எடுத்துக் கொடுத்தால் அது உன் பதில், அவர்களுடையது இல்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. "தம்பி இன்னும் முழுசா தேறலை, அதானே?"

"ஆமா, அதான்" என்றார். அத்தனை வேகம்.

கெடுத்துட்டேனே. இதற்காக எத்தனை பெண்களை அழ அழத் திட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 7

அவரே கூப்பிட்டார். இந்தத் தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"தம்பி தேறிட்டான். அது காரணமில்ல." பிறகு அவராகவே, "இங்க கடைக்கு வர்றவங்க அண்ணே அண்ணேன்னு கூப்பிடறாங்க. ஒரு நாள் போகலைன்னா ஏன் வரலைன்னு கேக்கறாங்க. அங்க இருபத்தஞ்சு வருஷமா நான் மேடம் வீட்டுக்காரர்தானே? உன்மேல கோவமெல்லாம் இல்ல. இங்கயே இருந்துடலாம்னு தோணுது" என்றார்.

நான் அப்போதும் பேசவில்லை.

"நீயும் வாயேன்" என்றார்.

வைத்த பிறகு அழுதேன். எனக்கு வேலை கிடைத்த ஊர் என்று கூடவே வந்தவர். இந்த ஊரில் அவரைத் தேடி இந்த வீட்டுக் கதவைத் தட்டியவர் யாராவது உண்டா? யோசித்துப் பார்க்கிறேன், ஒரு முகமும் வரவில்லை. 'நீயும் வாயேன்' என்றதும் மனசாரத்தான். ஆனால் நான் அங்கே போய் என்ன செய்வேன்? கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அண்ணன் சம்சாரமாகவா?

ஆகஸ்ட் 14

நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டேன். தசமம் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தார். எனக்கு ஒரு துண்டு போதும் என்றேன். "ஒண்ணு புள்ளி அஞ்சு, மேடம்" என்று பாதியை வெட்டிக் கூட வைத்தார். சிரித்துவிட்டேன்.

ராத்திரி ஃபோனில் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "தெரியும்" என்றார்.

செப்டம்பர் 14, சனி

காலையில் அழைப்பு மணி. திறந்தால் அவர். கொஞ்சம் கறுத்திருக்கிறார், கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. ஒரு கையில் பை, இன்னொரு கையில் இந்த வீட்டுச் சாவி.

"சாவிதான் இருக்கே? திறந்துட்டு வர வேண்டியதுதானே?"

"இருக்கு. திடீர்னு நுழைஞ்சா நல்லாருக்காதேன்னு…" செருப்பை எங்கே விடுவது என்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

"வாங்க, உட்காருங்க" என்றேன்.

சோபாவின் ஓரமாக உட்கார்ந்தார். நான் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனேன்.