விட்டு விட்டு ஊதிய சைரன்

இன்று காலை பெங்களூர் ரயிலில் யாருடைய போனோ உன் குரலில் அலறியது. நம் ஆல்பத்தின் முதல் பாட்டு. நீ வாயால் ஊதிய அந்தச் சைரன். சிலர் தலையாட்டினார்கள். நான் கதவுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நீ விழுந்ததும் இப்படி ஒரு கதவிலிருந்துதான். ஊரில் வேலை இல்லை. அதனால் நம் வயதுக்காரர்கள் தினமும் தொங்கிக்கொண்டே போய், பெங்களூர்க் கட்டடங்களைக் காவல் காத்து, கூட்டிப் பெருக்கிவிட்டுத் திரும்புகிறோம். ஆல்பம் வெளிவரும் முன்பே நீ போய்விட்டாய். உன்னை ஓரமாகக் கிடத்தியதும் ரயில் கிளம்பிவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடும்போது நாம் கைக்குழந்தைகள். அதன் சைரனைக் கேட்டதே இல்லை. பென்ஷன்காரர் ஒருவரிடம் கேட்டோம். ஷிப்ட் சைரனை வாயால் ஊதிக் காட்டினார். நீளமாக, ஒரே இழுப்பு.

"இன்னாடா இது, கொட்டாவி மாதிரி கீது" என்றாய். பீட்டுக்கு ஏற்றபடி அதை வெட்டி, விட்டு விட்டு ஊதினாய். "இப்ப சக்கத்தா கீது மச்சி."

"பெங்களூர்ல தூக்கி வச்சி ஆடுவானுங்க" என்றேன்.

"அவனுங்க கெடக்கட்டும். நம்ம லைன் வீடுங்கள்ல கதவத் தொறந்து வெளிய வந்து கேக்கணும். அதாண்டா ஹிட்டு."

பெங்களூர் ஆடியது. விமர்சகர்கள் நீ வெட்டிய அந்த வெட்டைத்தான் கொண்டாடினார்கள். சுரங்கத்தின் நாடித்துடிப்பு என்று ஒருவர் எழுதினார். ரசிகர்கள் பிளாஸ்டிக் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ரீல்ஸ் போட்டார்கள். நம் ஊர் மட்டும் கண்டுகொள்ளவில்லை.

அதனால்தான் ஒரு ஞாயிறு சாயங்காலம் நானும் நம் பசங்களும் நம் ஊரிகம் மைதானத்தில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டைப் போட்டோம்.

சைரன் முடிவதற்குள் பழைய தொழிலாளர் லைன் வீட்டுக் கதவுகள் திறந்தன. வயதான பெண்கள் செருப்புகூடப் போடாமல் வெளியே வந்தார்கள். நீ சொன்னது பலித்துவிட்டது என்று துள்ளினேன். ஆனால் ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. மைதானத்தைக் கடந்து, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டின் பூட்டிக் கிடக்கும் கேட்டுக்கு நடந்தார்கள். முன்னால் உன் அம்மா.

பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடினேன். "இன்னா ஆச்சிம்மா?"

உன் பக்கத்து வீட்டு மேரியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நீளமா ஊதுனா ஷிப்டுப்பா. விட்டு விட்டு ஊதுனா உள்ள ஆளு செத்துடுச்சின்னு அர்த்தம். கேட்டுக்கு வந்து யாருன்னு கேக்கணும்." பிறகு என்னையே கேட்டார். "யாருப்பா?"

சுரங்கம் மூடியது அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் நடந்து வந்திருக்கிறார்கள். இருபது வருடமாக யாருக்கும் தேவைப்படாத பெண்களை, பாட்டு என்ற பெயரில் நாம் அந்தக் கேட்டுக்கு இழுத்து வந்திருந்தோம். துருப்பிடித்த பூட்டைப் பார்த்து ஒருத்தி வெட்கத்தோடு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

உன் அம்மாதான் பதில் சொன்னார்.

"கொரலு தெரியல? எம்புள்ள."

"அன்னிக்கி அவனுக்கு ஒருத்தரும் ஊதலயே" என்று கேட்டைப் பிடித்தபடி உட்கார்ந்தார். அத்தனை பெண்களும் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

இப்போது மியூசிக் கம்பெனிக்காரர்கள் சைரன் பகுதியை இன்னும் நீட்டி ரீமிக்ஸ் கேட்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். ரசிகர்கள் கமெண்டில் கிழிக்கிறார்கள். கிழிக்கட்டும்.

இன்று ரயிலில் அந்த போன் மறுபடியும் அடித்தது. பெட்டியில் ஒருவரும் யார் என்று கேட்கவில்லை. நான் உன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.